படுத்தால் ஏறுது, நின்றால் இறங்குது: அப்பச்சிக்கு எந்த மாத்திரை?

போன பங்குனியில் ஒரு மத்தியானம், ஆத்தா (அம்மா) அப்பச்சியைத் (அப்பாவை) திண்ணை வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பேன்சீப்பால் தலையைச் சீவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பச்சிக்கு 74 வயது. தலையில் இருப்பதே கொஞ்சம் முடி. “பேன் ஊர்ற மாதிரியே இருக்கு” என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பேனும் கிடைக்கவில்லை. ஆத்தா வேப்பெண்ணெய் தடவினார்கள், எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள், தலையணை உறையை வெந்நீரில் போட்டு அலசினார்கள். சாயங்காலம் நான் கையைத் தொட்டுப் பார்த்தால் மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நிற்கிறது. வெளியே கொளுத்துகிற வெயில்.

“குளுருதா அப்பச்சி?”

“குளுரல. சும்மா புல்லரிச்சுக்கிட்டே இருக்கு.”

வீட்டு வேலைக்கு வரும் அக்கா, சாமி வருகிறதோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். வந்தது சாமியும் இல்லை, பேனும் இல்லை. லோ பிரஷருக்கென்று பத்து நாளுக்கு முன் ஆரம்பித்த மிடோட்ரின் மாத்திரை. அது தெரிய எங்களுக்கு இன்னும் ஒரு வாரம் ஆனது. தெரிந்த பிறகு வந்த கேள்விதான் பெரிய கேள்வி: இந்த மாத்திரையை வைத்துக்கொள்வதா, வேறு மாற்றுவதா, மாத்திரையே இல்லாமல் பார்த்துக்கொள்வதா? அந்த ஒரு மாதம் நாங்கள் எடைபோட்டுப் பார்த்ததை எழுதுகிறேன். இதே மாத்திரைகளை வைத்துக்கொண்டு திண்டாடுகிற வீடுகள் இந்தச் செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்கும்.

முதலில் நோய். அப்பச்சிக்குச் சர்க்கரை வந்து 22 வருஷம். மாசி மாதம் ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்துவிட்டு வந்தவர்கள், வளவுத் தூணைப் பிடித்தபடியே சரிந்து விட்டார்கள். எலும்பு முறியவில்லை. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் தலை ஸ்கேன், ஈசிஜி எல்லாம் எடுத்தார்கள். நாற்காலியில் உட்கார வைத்துப் பிரஷர் பார்த்து, 124க்கு 76, நன்றாக இருக்கிறது என்று அனுப்பி விட்டார்கள். மறு வாரமே திரும்பவும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

பிறகுதான் மதுரைக்குப் போனோம். அங்கே பார்த்த மருத்துவர் அப்பச்சியை ஐந்து நிமிஷம் மல்லாக்கப் படுக்க வைத்துப் பிரஷர் எடுத்தார்: 142க்கு 80. எழுப்பி நிற்க வைத்து ஒரு நிமிஷத்தில் எடுத்தார்: 108க்கு 66. மூன்றாவது நிமிஷம் 96க்கு 60. நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் எண் 20 புள்ளியோ கீழ் எண் 10 புள்ளியோ இறங்கினால் அது நிற்கும்போது வரும் தாழ் அழுத்தம். அப்பச்சிக்கு மேல் எண் 46 புள்ளி இறங்கியிருந்தது. அதைவிட முக்கியமாக அவர் காட்டியது நாடித் துடிப்பு. பிரஷர் இவ்வளவு விழுந்தால் இதயம் வேகமாக அடித்து ஈடு கட்டப் பார்க்க வேண்டும். அப்பச்சிக்கு 72லிருந்து 77தான் ஆனது. நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. உடனே நரம்பு ரத்தக்குழாய்களுக்குச் சொல்லி இறுக்கிப் பிடிக்க வைக்கும். பல வருஷச் சர்க்கரை அந்த நரம்பையே கெடுத்து விட்டால் சொல்ல ஆளில்லை. ரத்தம் கீழேயே தங்கி விடுகிறது.

இந்த விளக்கம் கேட்டபோதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. நம் வீடுகளில் தலை சுற்றினால் “லோ பிரஷர்” என்று சொல்லி உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொடுத்து முடித்து விடுகிறோம். அப்பச்சிக்கு வந்தது அப்படி எப்போதும் குறைந்தே இருக்கும் அழுத்தம் இல்லை. படுத்தால் சரியாகவே இருக்கிறது, நின்றால் விழுகிறது. இந்த வேறுபாட்டைக் கையில் பிடித்துக்கொண்டால்தான் மருந்துகளின் பக்கவிளைவு ஒவ்வொன்றும் புரியும்.

மிடோட்ரின் 5 மில்லிகிராம், மூன்று வேளை. ஆரம்பித்த இரண்டாம் நாளே நல்ல மாற்றம் தெரிந்தது. முகப்பிலிருந்து தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை அப்பச்சி தனியாக நடந்து போய் வந்தார்கள். அதற்குள் பேன் கதை ஆரம்பித்தது. பிறகு ராத்திரியில் பின்மண்டை வலி, காதுக்குள் திம் திம் என்று அடிக்கும் சத்தம், நான்கைந்து தடவை எழுந்து சிறுநீர் கழிப்பது. தம்பி சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய மெஷினில் தினம் பத்து மணிக்கு உட்கார வைத்துப் பார்த்தோம். 130, 134 என்று அழகாக இருந்தது. நோட்டில் எழுதி வைத்து நிம்மதியாக இருந்தோம்.

ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆத்தங்குடிக் கல் குளுகுளுவென்று இருக்கும் என்று அப்பச்சி பட்டாலைத் தரையில் தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்திருந்தார்கள். தலை வலிக்கிறது என்றதும் அங்கேயே மெஷினைக் கட்டினேன். 194க்கு 102. மெஷின் கெட்டு விட்டது என்று நினைத்து என் கையில் கட்டிப் பார்த்தேன். எனக்கு 118. மறுபடி அப்பச்சிக்குக் கட்டினேன், 190. லோ பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்த எண்ணா என்று கை நடுங்கியது.

அன்று சாயங்காலம் வீட்டில் மூன்று கட்சி. தம்பி போனில் என்னிடம், “ஆச்சி (அக்கா), மொதல்ல அந்த மாத்திரைய நிறுத்துங்க” என்றான். சொந்தத்தில் ஒரு அண்ணன், அவருடைய மாமனாருக்கு வேறு மாத்திரை கொடுத்து நன்றாக இருக்கிறார், அதற்கு மாற்றலாம் என்றார். ஆத்தாவுக்கு மாத்திரையே வேண்டாம். உப்பைக் கூட்டி, ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தால் போதும். மூன்று பேர் சொன்னதிலும் பாதி சரி இருந்தது.

மிடோட்ரினையே நேரம் மாற்றி வைத்துக்கொள்வது

இந்த மாத்திரை வயிற்றுக்குள் போய் வேறொரு பொருளாக மாறி, ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள தசையை நேராக இறுக்குகிறது. நரம்பு சொல்லாததை மாத்திரை சொல்கிறது. மயிர்க்காலின் அடியில் இருக்கும் பொடித் தசையும் அதே கட்டளைக்குத்தான் இறுகும். தலைத்தோலில் ஊறலும் கையில் புல்லரிப்பும் அதனால்தான். மருந்து வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் அது. தொந்தரவே தவிர ஆபத்து இல்லை. மருத்துவர் இதைச் சொன்னதும் ஆத்தா வேப்பெண்ணெயை எடுத்து உள்ளே வைத்து விட்டார்கள். உண்மையைச் சொன்னால், மாத்திரை எழுதித் தந்த அன்றைக்கே இந்த ஒரு வரியை யாராவது சொல்லியிருந்தால் அந்த ஒரு வாரப் பயம் எங்களுக்கு மிச்சமாகியிருக்கும்.

பயப்பட வேண்டியது அந்த 194க்குத்தான். மாத்திரைக்கு நாம் நிற்கிறோமா படுத்திருக்கிறோமா என்று தெரியாது. இறுக்குவது மட்டுமே அதற்குத் தெரியும். படுத்தால் ரத்தம் கீழே இறங்க இடமில்லை, இறுக்கிய குழாய்க்குள் அழுத்தம் ஏறி விடுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1996ல் இந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தபோதே, படுக்கையில் பிரஷர் ஏறும் என்ற எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போட வைத்தது. 2010ல், நோயாளிக்கு உண்மையில் எவ்வளவு நன்மை என்பதைக் காட்டும் ஆய்வுகளை நிறுவனங்கள் முடித்துத் தரவில்லை என்பதால் அனுமதியையே திரும்பப் பெறப் போவதாகவும் சொன்னது. இந்த மாத்திரையை நம்பி நடமாடிக்கொண்டிருந்தவர்கள் பதறிப் போனார்கள். பிறகு மருந்து சந்தையிலேயே தொடர்ந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: கவனம் தேவைப்படும் மருந்து, பலருக்கு விட்டுவிட முடியாத மருந்து.

எங்கள் வீட்டில் எங்கே தப்பு நடந்தது என்று பார்த்தால், சீட்டில் இருந்த “1-1-1” தான். நம் ஊரில் அப்படி எழுதினால் காலை, மதியம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வோம். மருந்துக் கடையிலும் கவரில் அப்படியே போட்டுக் கொடுத்தார்கள். அப்பச்சி ராத்திரி எட்டரைக்கு மாத்திரை போட்டு ஒன்பதுக்குப் படுத்தார்கள். மத்தியானம் ஒன்றரைக்குப் போட்டு இரண்டு மணிக்குப் பட்டாலையில் படுத்தார்கள். இந்த மருந்தின் உச்ச வேகம் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வரும். சரியாக அந்த நேரம் பார்த்து மூன்றில் இரண்டு மாத்திரையைப் படுக்கைக்குக் கொடுத்திருக்கிறோம். கடைசி மாத்திரைக்கும் படுக்கைக்கும் நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் இருக்க வேண்டும் என்பது இந்த மருந்தின் அடிப்படை விதி. சாப்பாட்டோடு இதற்குச் சம்பந்தமே இல்லை. எப்போது எழுந்து நடமாடப் போகிறோமோ அதற்கு முன்னால் போட வேண்டிய மாத்திரை.

ராத்திரி அடிக்கடி சிறுநீர் வந்ததும் இதிலிருந்துதான் வந்தது. படுக்கையில் அழுத்தம் ஏறினால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் அதிகமாக வெளியே தள்ளுகிறது. விடியும்போது உடம்பில் நீர் குறைந்து, எழுந்து நின்றதும் முன்னைவிட மோசமாகத் தலை சுற்றுகிறது. மாத்திரை போதவில்லை என்று நினைத்துக் கூட்டினால் ராத்திரி இன்னும் ஏறும். இந்தச் சுற்றுக்குள் மாட்டிக்கொண்ட வீட்டில் யாருக்கும் எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாது. அதிலும் எங்களுடையது மாதிரிப் பழைய வீடு என்றால், கழிப்பறை மூன்றாம் கட்டுக்கும் பின்னால். இருட்டில் இரண்டு வளவு, நான்கு நிலைப்படி தாண்டிப் போக வேண்டும். பக்கவிளைவைக் காகிதத்தில் படிக்கும்போது “சிறுநீர் அதிகம்” என்று ஒரே வரி. எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம், ராத்திரி நான்கு தடவை விழக்கூடிய வாய்ப்பு.

இன்னும் சில விஷயங்கள். இதே மருந்து சிறுநீர்ப்பையின் வாயையும் இறுக்கும். பிராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். நாடியைக் குறைக்கும், அதனால் இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு 2.5 மில்லிகிராமில்தான் ஆரம்பிக்க வேண்டும். சளி பிடித்தால் கடையில் நாமே வாங்கிப் போடும் மாத்திரைகள் பலவற்றில் மூக்கடைப்புக்காக ஃபினைலெஃப்ரின் இருக்கிறது. அதுவும் குழாயை இறுக்குகிற வகை. மிடோட்ரினோடு சேர்ந்தால் பிரஷர் எகிறி விடும். இதை ஆத்தாவிடம் இரண்டு தடவை சொல்லி, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த சளி மாத்திரைப் பட்டையை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

இவ்வளவும் சொன்ன பிறகும் இந்த மருந்தின் பக்கம் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய் விடும். தப்பு நடந்தால் அந்த வேளையோடு முடியும். நேரத்தைக் கையாளத் தெரிந்தால் பக்கவிளைவையும் கையாளலாம்.

ஃப்ளூட்ரோகார்டிசோனுக்கு மாறுவது

சொந்தக்கார அண்ணன் சொன்னது இதைத்தான். ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம், ஒரே மாத்திரை. இது குழாயை இறுக்குவதில்லை. சிறுநீரகத்தை உப்பைப் பிடித்து வைக்கச் சொல்கிறது, உப்போடு நீரும் தங்குகிறது, குழாயில் ஓடும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. ஊறலும் இல்லை, புல்லரிப்பும் இல்லை. நேரக் கணக்கும் இல்லை என்பதால் மறதி உள்ளவர்களுக்கும் தனியாக இருப்பவர்களுக்கும் வசதி. பிள்ளைகள் எல்லாம் வெளியூரில், பெரிய வீட்டில் வயதான இரண்டு பேர் மட்டும் என்பது செட்டிநாட்டில் தெருவுக்குத் தெரு இருக்கிற நிலைமை. அந்த வீட்டுக்கு “மூன்று வேளை, படுப்பதற்கு நான்கு மணி முன்” என்பதைவிடக் “காலையில் ஒன்று” என்பது எவ்வளவோ எளிது.

ஆனால் இதனுடைய பக்கவிளைவு சத்தமில்லாமல் வரும். பேன் ஊர்வது மாதிரி எதுவும் சொல்லிக் காட்டாது. உப்பைப் பிடிக்கும் சிறுநீரகம் அதற்குப் பதிலாகப் பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. பொட்டாசியம் இறங்கினால் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், உடம்பு அசந்து போகும், நெஞ்சு படபடக்கும். வயதானவர் அசதி என்று சொன்னால் வெயிலுக்கு என்று நினைத்து விட்டு விடுவோம். ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். 3.5க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு என்று நாமே தினம் இரண்டு வெட்டிக் கொடுப்பதும் சரியில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் ஏறுவது இறங்குவதைவிட ஆபத்தாக முடியலாம்.

கணுக்கால் வீங்கும். எடை ஏறும். இதயம் பலவீனமானவர்களுக்கு நீர் கோத்து மூச்சு வாங்கும். இந்த இரண்டு மருந்தையும் வைத்து அமெரிக்காவில் 2017ல் வெளியான ஓர் ஒப்பீட்டில், ஃப்ளூட்ரோகார்டிசோன் சாப்பிட்டவர்கள்தான் மிடோட்ரின் சாப்பிட்டவர்களைவிட அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். இதயச் செயலிழப்பு இருந்தவர்களிடம் அந்த வித்தியாசம் இன்னும் கூடுதலாக இருந்தது. அப்பச்சிக்கு எக்கோ எடுத்தபோது இதயம் கொஞ்சம் விறைத்திருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் தராசில் அது பெரிய எடைக்கல்.

இன்னொன்று, நிறையப் பேர் நினைப்பதற்கு மாறாக, இந்த மாத்திரையும் படுக்கையில் பிரஷரை ஏற்றும். மிடோட்ரினில் ஏறினால் நான்கைந்து மணி நேரத்தில் இறங்கும். இதில் ஏறினால், மாத்திரையை நிறுத்தினாலும் தங்கிய நீர் வடிய நாட்கள் ஆகும். பலன் தெரியவும் ஒன்றிரண்டு வாரம் ஆகும். அவசரப்பட்டு அளவைக் கூட்டக் கூடாது. இது ஸ்டீராய்டு வகை மாத்திரை. அந்தப் பெயரைக் கேட்டு ஆத்தா பயந்தார்கள். இவ்வளவு சின்ன அளவில் அந்தப் பயம் பெரிதாக வேண்டியதில்லை, சர்க்கரையை மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர்.

இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருக்கிற, மாதம் ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்க ஆள் இருக்கிற ஒருவருக்கு நான் இதைத் தயங்காமல் பரிசீலிக்கச் சொல்வேன். எங்கள் வீட்டுக்கு ஒத்து வரவில்லை.

மற்ற மருந்துகள்

பைரிடோஸ்டிக்மின் பற்றியும் கேட்டோம். தசைக்களைப்பு நோய்க்குக் கொடுக்கும் மருந்து. நிற்கும்போது மட்டும் நரம்புச் செய்தியை லேசாகத் தூண்டுவதால் படுக்கையில் பிரஷர் ஏறுவது மிகக் குறைவு. கேட்க அருமையாக இருந்தது. பலன் மிதமானது, வயிற்றைப் பிடித்து வலிக்கும், பேதியாகும், எச்சில் ஊறும். சிறுநீர் வழி அடைப்பு உள்ளவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். அப்பச்சிக்குப் பிராஸ்டேட் தொந்தரவு உண்டு, அதை நினைத்து அத்தோடு விட்டோம். ட்ராக்ஸிடோபா என்று ஒன்று ஜப்பானில் 1989 முதலும் அமெரிக்காவில் 2014 முதலும் இருக்கிறது. அதுவும் படுக்கையில் பிரஷரை ஏற்றும் என்பதால் எங்கள் பிரச்சினைக்கு அது விடையில்லை.

இருக்கிற மாத்திரையைக் குறைப்பது

இதை முதல் வழியாக எழுதியிருக்க வேண்டும். நாங்களும் முதலில் இதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

மதுரை மருத்துவர் இரண்டாவது தடவை பார்த்தபோது, “வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாங்க” என்றார். மஞ்சப்பை நிறையக் கொண்டுபோனோம். மேசையில் பரப்பினால் மூன்று மாத்திரை பிரஷரை இறக்குகிறது. மூன்றும் மூன்று மருத்துவர்கள் கொடுத்தவை. கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின். பிராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின். சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின். முதலாவது, நிற்கும்போது குழாய் இறுகுவதைத் தடுக்கும். இரண்டாவது, மிடோட்ரின் எந்தப் பூட்டை இறுக்குகிறதோ அதே பூட்டைத் திறந்து விடுகிற மருந்து. மூன்றாவது, சர்க்கரையோடு நீரையும் சிறுநீரில் இழுத்துக்கொண்டு போவது. ஒரு பக்கம் வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அடியில் மூன்று ஓட்டை போட்டு வைத்திருந்திருக்கிறோம்.

யார் மேலும் குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வொருவரும் தன் முன்னால் இருந்த தொந்தரவுக்கு நல்ல மருந்துதான் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க ஒருவர் இல்லாமல் போனதுதான் நடந்தது.

ஆனால் குறைப்பதற்கும் விலை உண்டு. அமிட்ரிப்டிலினை மெல்லக் குறைத்து நிறுத்தியதும் கால் எரிச்சல் திரும்ப வந்தது. இரண்டு வாரம் அப்பச்சி ராத்திரித் தூக்கமில்லாமல் இருந்தார்கள். டாம்சுலோசினை நிறுத்தினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளுமோ என்று ஸ்கேன் எடுத்து, சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்த்தார்கள். நிறுத்த முடியாது என்று தெரிந்தது. காலையில் போட்டுக்கொண்டிருந்ததை இரவுக்கு மாற்றினார்கள். டாபாக்ளிஃப்ளோசினை எடுத்து விட்டுச் சர்க்கரைக்கு வேறு மாத்திரை கொடுத்தார்கள். இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ அதே மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. அவர்களுக்கு அந்த மாத்திரை செய்கிற நன்மை வேறு கணக்கு.

மாத்திரை இல்லாமல்

ஆத்தாவின் கட்சியில் நான் எதிர்பார்த்ததைவிட அதிக நியாயம் இருந்தது. சூப்பில் இல்லை, தண்ணீரில். படுக்கையைவிட்டு எழுமுன் இரண்டு பெரிய டம்ளர், கிட்டத்தட்ட அரை லிட்டர் வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்தால், நரம்பு கெட்டவர்களுக்கு ஐந்து பத்து நிமிஷத்தில் பிரஷர் ஏற ஆரம்பித்து ஒரு மணி நேரம் போல நிற்கும். பழச்சாறோ காப்பியோ அந்த வேலையைச் செய்யாது. பக்கவிளைவு இல்லாத மருந்து என்று சொல்லத் தகுந்தது இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். இதயத்துக்காகத் தண்ணீர் அளவு குறைத்திருப்பவர்கள் மட்டும் கேட்டுச் செய்ய வேண்டும்.

கட்டிலின் தலைமாட்டைத் தூக்குவது இரண்டாவது. தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். கட்டிலே சாய வேண்டும். அப்பச்சியின் தேக்குக் கட்டிலை நகர்த்த நான்கு பேர் தேவைப்பட்டது. தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே அரையடிக்கு மரக்கட்டை வைத்தோம். முதல் நாள் வழுக்கிக்கொண்டு கீழே வருகிறது என்று புகார். நான்காம் நாளிலிருந்து ராத்திரிச் சிறுநீர் இரண்டு தடவையாகக் குறைந்தது.

காலுக்கு இறுக்கமான உறை வாங்கினோம். காரைக்குடி வெயிலில் அரை நாள்கூடப் போட முடியவில்லை. முட்டிவரை போடும் உறையால் பெரிய பலனும் இல்லை, ரத்தம் அதிகமாகத் தேங்குவது வயிற்றில். அதனால் வயிற்றுக்கு இடுப்புப்பட்டை. பிள்ளை பெற்றவளுக்கு வயிறு கட்டுவது மாதிரி என்று ஆத்தா சொன்னதும் அப்பச்சிக்குக் கூச்சமாகி விட்டது. பனியனுக்கு மேல் கட்டிச் சட்டை போட்டால் வெளியே தெரிவதில்லை. எழுமுன் கட்ட வேண்டும், படுத்தால் கழற்ற வேண்டும்.

சாப்பாடுதான் கஷ்டம். வயிறு நிறைய, அதுவும் சோறும் பணியாரமுமாகச் சாப்பிட்டால், செரிப்பதற்காக ரத்தம் வயிற்றுக்குப் போய், அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் பிரஷர் விழும். சாந்திக் கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்தவரிடம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள் என்று சொல்ல யாரால் முடியும்? போன மாதம் அப்படி ஒரு விசேஷத்தில் பந்தி முடித்து எழுந்தவர்களை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வீட்டில் இப்போது மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்து விட்டோம். சர்க்கரைக்கு மாற்றிக் கொடுத்த அகார்போஸ் மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்துவதால் சாப்பாட்டுக்குப் பின் வரும் இறக்கத்தையும் குறைக்கிறது. வயிற்றில் காற்றுச் சேர்வது அதன் பக்கவிளைவு, அப்பச்சி பொறுத்துக்கொள்கிறார்கள்.

உப்பைக் கூட்டும் விஷயத்தில் ஆத்தாவோடு நான் ஒத்துப்போகவில்லை. படுக்கையில் 190 ஏறுகிறவருக்கு ஊறுகாயும் மோர்மிளகாயும் தாராளமாக வைப்பது, ஃப்ளூட்ரோகார்டிசோனின் தொந்தரவைச் சமையலறை வழியாகக் கொண்டுவருவது. படுக்கையிலும் பிரஷர் குறைவாகவே இருக்கிற இளவயதுக்காரருக்கு அது சரியாக இருக்கலாம்.

எதைத் தேர்ந்தோம்

மாத்திரை இல்லாமலே முடியுமா என்று, மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒரு வாரம் பார்த்தோம். நின்ற மூன்றாம் நிமிஷம் 96 இருந்தது 106 ஆனது. நல்ல முன்னேற்றம், ஆனால் காலையில் கோயிலுக்குப் போய் வர அது போதவில்லை. அதனால் மிடோட்ரினை வைத்துக்கொண்டோம். இப்போது காலை ஆறு மணிக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. மத்தியான மாத்திரையும் ராத்திரி மாத்திரையும் கிடையாது. சாயங்காலம் விசேஷம், கோயில் என்று இருந்தால் மட்டும் நான்கு மணிக்கு மூன்றாவது. அன்றைக்கு ஒன்பதரைக்கு முன் படுக்கக் கூடாது. பகல் தூக்கம் பட்டாலைக் கல்லில் இல்லை, சாய்வு நாற்காலியில். அப்பச்சிக்கு மிகவும் வருத்தமான மாற்றம் இதுதான். அறுபது வருஷப் பழக்கம். ராத்திரிக்குக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே சிறுநீர்க் குடுவை. அதற்கு ஒத்துக்கொள்ள வைக்கத் தம்பி மூன்று தடவை போன் பண்ண வேண்டியிருந்தது.

தலை ஊறல் இன்னும் இருக்கிறது. மாத்திரை போட்ட முக்கால் மணியில் ஆரம்பித்து வெயில் ஏறுவதற்குள் போய் விடுகிறது. “ஊற ஆரம்பிச்சிருச்சு, கெளம்பலாம்” என்று அப்பச்சி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறார்கள்.

நோட்டில் இப்போது இரண்டு பத்தி. இடது பக்கம் படுத்த எண், வலது பக்கம் நின்று மூன்று நிமிஷம் ஆன எண். உட்கார்ந்த எண்ணை எழுதுவதில்லை. போன வாரச் சராசரி படுத்தால் 156, நின்றால் 112. படுத்த எண் இன்னும் குறைய வேண்டும் என்கிறார் மருத்துவர். சித்திரை, வைகாசி வெயிலில் வியர்த்து நீர் குறையும்போது இந்த அளவு மாறும், அப்போது திரும்பப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் திரும்ப ஆரம்பித்து விட்டது. கொதிக்கிற வெந்நீர் இல்லை, வெதுவெதுப்பாக. குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வாசலில் ஆத்தா நிற்க, உள்ளே போகுமுன் ஒரு செம்புத் தண்ணீர்.